சலவை இயந்திர வைத்தியம் குறித்துச் சகலைக்கு

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சகலை அவர்களின் சமுகத்துக்கு,

நிலாவில் மனிதன் இறங்கிவிட்டான் என்று வானொலி அலறிய வருஷம் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். மணிக்கூண்டுக் கடிகாரம் நின்றுபோய் ஊரே ஒரே மணியில் கிடந்ததும், ரொட்டிக்கடைக்காரர் மகள் சர்க்கஸ்காரனோடு ஓடிப்போய், ஒரே மாதத்தில் சர்க்கஸ்காரனை விட்டுவிட்டுக் குரங்கோடு மட்டும் திரும்பி வந்ததும் அதே வருஷம்தான். அந்த வருஷம்தான் நாம் ஐந்து பேரும் ஒரே நாளில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நிலாச் செய்தியைக் கேட்டு நம் மேஸ்திரி என்ன சொன்னார்? "அம்மாம் பெரிய வெள்ளை விரிப்புல ஒருத்தன் செருப்புக் காலோட நடந்தா இங்கேருந்து கறை தெரிய வேணாமா? எனக்குத் தெரியாத கறையாடா?" என்றார். சாகிற வரைக்கும் நம்பவில்லை. முழுநிலா வந்தால் கூடத்து வாசலில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்று கறை தேடுவார். அவரை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் நாம். சகலை அவர்களே, இன்றைக்குத் தாங்கள் அந்த மேஸ்திரியைவிட மோசம். அவர் நடந்ததை நம்ப மறுத்தார். தாங்கள் நடக்காததை நம்பி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இங்கே எல்லாரும் சுகம், அங்கே எல்லாரும் சுகமா என்று இந்த இடத்தில் வர வேண்டும். இங்கே யாரும் சுகமாக இல்லை, அதற்கான காரணத்தில் பாதி தாங்கள் என்பதால் அந்த வரியை விட்டுவிடச் சொன்னேன். எழுதுவது என் மருமகள். எனக்கும் தங்களுக்கும்தான் எழுத்தோடு பிறவிப் பகையாயிற்றே. "மாமா, தாங்கள்னு எழுதவா, நீன்னு எழுதவா?" என்று கேட்டாள். "மரியாதை முடியற வரைக்கும் தாங்கள், திட்டு ஆரம்பிச்சதும் நீ" என்றேன். ஆகவே தாங்கள் இத்துடன் முடிந்தது. இனி நீ.

அங்கே படித்துக் காட்டுவது உன் மகளாகத்தான் இருக்கும். மகளே, பெரியப்பா சொல்கிறேன், முழுவதையும் படி. பாதியில் நிறுத்தாதே, நடுவில் வெட்டாதே, உன் அப்பன் கையை ஆட்டினாலும் விடாதே. பாதியில் வெட்டியதால் வந்த வினைதான் இத்தனையும்.

சகலை, அந்த ஐந்து பேரை எண்ணிப் பார். நெட்டை போய்விட்டான். பாய்லர்காரன் நெஞ்சுவலியில் போய்விட்டான். ஓரம் என்று நாம் பட்டப்பெயர் வைத்த மடிப்புக்காரன், கூடத்தை இழுத்து மூடியபின் எங்கே போனான் என்றே தெரியாமல் போய், அப்புறம் செத்துவிட்டான் என்று யாரோ சொல்லக் கேட்டோம். மிச்சம் நீயும் நானும். இருக்கிற இரண்டு பேரில் ஒருவனுக்குப் புத்தி பிசகினால் மற்றவன் சும்மா இருக்கலாமா? சும்மா இருக்கக்கூடாது என்றுதான் ஃபோனில் உனக்குச் சொல்லப் பார்த்தேன். நீ துண்டித்துவிட்டாய். கடிதத்தை உன்னால் துண்டிக்க முடியாது. அதனால் இது.

என் பேத்தி விஷயம் உனக்குப் பாதி தெரியும். மூன்று வயதில் மருத்துவர் ஆட்டிசம் என்று சொன்னார், உன் பேரனுக்குச் சொன்ன அதே பெயர். இப்போது ஆறு. வாயால் பேசுவதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு டீச்சர் வருகிறார். வந்த முதல் நாளே அவர் என்னிடம் சொன்னது: "ஐயா, பாப்பாவ நம்ம பக்கம் இழுக்காதீங்க. அவளுக்கு எது புடிக்குதோ அது பக்கத்துல போயி நீங்க உக்காருங்க." அவளுக்குப் பிடித்தது எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்தது. துணி சுற்றுகிற நேரமெல்லாம் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். நானும் போய் உட்கார்ந்தேன். வாழ்நாள் முழுக்கச் சம்பளத்துக்குப் பார்த்த காட்சியை ஓய்வு பெற்றபின் சும்மா பார்க்கிற கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் நம் கூடத்துக் கைப்பேச்சு தானாக வந்தது. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுதுகிறவளுக்கும் படிக்கிறவளுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பெரிய இரும்பு உருளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது என்பதால் நாம் கையால்தான் பேசுவோம். விரித்த கையைத் தூக்கினால், தேநீர் வந்துவிட்டது. அதே கையில் பெருவிரலை உள்ளே மடக்கித் தூக்கினால், ஆவியை மூடு, போதும், நிறுத்து. இரண்டு கையையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் புத்தகம் மூடுவதுபோல் மூடினால், நிறுத்திவிட்டேன், ஆயிற்று. இந்தக் கடைசி இரண்டையும் கண்டுபிடித்தவன் நம் ஓரம்தான். பேத்தி அதில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் மருமகள் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பிள்ளை சட்டென்று பெருவிரலை மடக்கிக் கையைத் தூக்கினாள். ஆவியை மூடு! நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். டீச்சரிடம் சொன்னால் அந்த அம்மா கைதட்டினார். "ஐயா, இதுதான் பேச்சு! வாயில வந்தாத்தான் பேச்சா?" என்று சொல்லி, அந்தச் சைகையைத் தானும் கற்றுக்கொண்டு போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தலைவாரல், விருந்தாளி, என் பாட்டு எல்லாவற்றையும் அவள்தான் நிறுத்துவது.

இதுவரைக்கும் நல்ல கதை. இனிமேல்தான் இடி.

எங்கள் மாடியில் ஒரு தம்பி குடியிருக்கிறான். வீடியோ எடுத்துப் போடுவதுதான் அவனுக்குத் தொழில். ஒருநாள் குக்கர் விசில் வராததற்கு வழி சொல்வான், மறுநாள் மூட்டுவலிக்குச் சொல்வான். இரண்டுக்கும் அதே முகம். "தாத்தா, பேத்தியப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க, நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கும்" என்று வந்து நின்றான். நான் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பேத்தி வழக்கம்போல் இயந்திரத்தின் முன்னால். "இவளுக்கு என்ன வைத்தியம் பாக்குறீங்க தாத்தா?" என்றான். என் வாய் உனக்குத் தெரியும், நேரான கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் அதற்குச் சுளுக்கிக்கொள்ளும். "வைத்தியமா? இதோ சுத்துறார் பாரு, இவர்தான் பெரிய டாக்டர்! இவர் முன்னால உக்கார வச்சாப் போதும். ஃபீஸ் கெடையாது, சோப்புத் தூள் மட்டும்தான்" என்றேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அப்புறம்தான் சகலை, விஷயத்தைச் சொன்னேன். இது நோயே இல்லை, பிள்ளையின் மூளை அமைந்த விதம் இப்படி, மூன்று வருஷமாக டீச்சரும் அவள் அம்மாவும் பொறுமையாக உழைக்கிறார்கள், குணமாக்குகிறேன் பேர்வழி என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள் என்றெல்லாம் தேநீர் ஆறிப்போகும் வரைக்கும் பேசினேன். அவன் வைத்திருந்த விளக்கு வெளிச்சம் முகத்தில் அடித்ததால் பேத்தி அவனைப் பார்த்துப் பெருவிரலை மடக்கிக் கையைத் தூக்கினாள். அவனுக்கு அது என்ன தெரியும்? "பாப்பா டாட்டா சொல்லுது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெளியே வந்தது என்ன? மருமகள் தலைப்பை வாசித்துக் காட்டினாள்: மாத்திரை வேண்டாம், மருத்துவர் வேண்டாம், சலவை இயந்திரம் போதும், தொண்ணூறு வயதுத் தாத்தாவின் ரகசியம்! தொண்ணூறாம். என்னைக் கேட்காமல் வயதைக் கூட்டி வைத்திருக்கிறான். முதலில் சோகமாக ஒரு குழல். அப்புறம் என் முகம். "இவர்தான் பெரிய டாக்டர், இவர் முன்னால உக்கார வச்சாப் போதும்." அவ்வளவுதான், வெட்டு. தேநீர் ஆறும்வரை நான் பேசியதெல்லாம் ஆவியாகப் போயிற்று. இயந்திரத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு பாய்கிறது. அடுத்து பேத்தி கையைத் தூக்குகிறாள், படம் மெதுவாகப் போகிறது, பின்னால் மணிச் சத்தம், ஏதோ தெய்வக் குழந்தை ஆசி வழங்குகிற மாதிரி. அதோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கடைசியில் அவள் வாய் லேசாக அசைகிறது, ஒரு குழந்தைக் குரல் தெளிவாகச் சொல்கிறது: "அம்மா."

ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தவள் மருமகள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறாள் என்று உன் மகளுக்குத் தெரியும், உனக்கும் எனக்கும் தெரியாது. "மாமா, சொல்லிட்டா மாமா, நான் வேலைக்குப் போயிருந்தப்ப சொல்லியிருக்கா!" என்றாள். மறுபடி போட்டாள். மறுபடி. அப்புறம் முகம் மாறிற்று. அது அவள் பிள்ளையின் குரல் இல்லை. மாடித் தம்பியின் அக்கா மகள் குரல், நாலைந்து வயதுப் பிள்ளை, படிக்கட்டில் ஏறி இறங்கிக் கத்துகிற அதே குரல். எடுத்து ஒட்டியிருக்கிறான்.

இந்தப் பத்தியை எழுதியதும் மருமகள் பேனாவை வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். அடுப்பு எரியவே இல்லை சகலை.

வந்துவிட்டாள். தொடர்கிறேன். மறுநாள் கதவைத் திறந்தால் வாசலில் ஆட்கள். பேருந்து பிடித்துப் பிள்ளைகளோடு வந்திருக்கிறார்கள்! ஒருவர் கேட்கிறார், "ஐயா, வெள்ளைத் துணியா, கலர் துணியா, எது போட்டா சீக்கிரம் கேக்கும்?" இன்னொருவர், "மேல மூடி வச்ச மெஷினுக்குப் பலன் பாதிதானாமே, நெசமா?" பொய் என்று நான் சொல்லச் சொல்ல என் அடக்கத்தை மெச்சுகிறார்கள். "பெரியவங்க இப்படித்தான், ஒத்துக்க மாட்டாங்க" என்று ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு ஆள் பின்பக்கமாகப் போய், இயந்திரத்திலிருந்து வெளியேறுகிற அழுக்குத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. கேட்டேன். எதற்கு என்று அவர் சொன்னதை எழுத மருமகள் மறுக்கிறாள்.

என் மகன் மாடிக்கு ஏறிப்போய்ச் சத்தம் போட்டான். அந்தத் தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, இப்பத்தான் ஏறிக்கிட்டு இருக்கு. இப்ப எடுத்தா எல்லாம் போயிடும்ணே. வேணும்னா தாத்தாவ வச்சி மறுப்பு ஒண்ணு போட்டுடலாம்" என்றான். சரி என்று, இம்முறை சிரிக்காமல், நக்கல் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். போட்டான். எங்கள் தெருவில் இருக்கிற ஆட்களைவிடக் குறைவானவர்கள்தான் பார்த்தார்கள். பார்த்தவர்கள் கீழே என்ன எழுதினார்கள் தெரியுமா? "தாத்தாவின் முகத்தில் சிரிப்பு இல்லை, மருந்துக் கம்பெனிக்காரர்கள் மிரட்டிவிட்டார்கள்." "தாத்தாவுக்கு ஆபத்து." "முதல் வீடியோவில் இருந்தவர்தான் உண்மையான தாத்தா, இவர் வேறு ஆள்." சகலை, நான் வேறு ஆளாம்! என் வீட்டில், என் நாற்காலியில், என் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நான் யார் என்று இரண்டு நாள் எனக்கே சந்தேகமாகப் போயிற்று.

அப்புறம்தான் மற்ற வீடியோக்களையும் கேட்டேன். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வருகிறது, கேட்காமலே பந்தி வைக்கிற வீடு மாதிரி. ஒருவர் பாலை நிறுத்து என்கிறார். அடுத்தவர் பாலில்தான் எல்லாம் இருக்கிறது என்கிறார். ஒருவர் தடுப்பூசியால் வந்தது என்கிறார். அது எத்தனையோ தடவை ஆராய்ந்து பொய் என்று ஆன சங்கதி என்று டீச்சர் சொன்னார். ஒரு அம்மா, தாய் சரியாகக் கொஞ்சாததால் வருகிறது என்றார், மருமகள் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு ஆள், ஃபோன் பார்ப்பதால்தான் வருகிறது, ஆகவே என் வீடியோவைத் தினமும் பாருங்கள் என்றார். ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, உருளை சுற்றுவதால் மூளையில் உள்ள நீர் நேராகிறது என்று என் இயந்திரத்துக்கே விளக்கம் சொன்னார். எனக்கு எழுத்துத் தெரியாது, குரல் மறக்காது. போன மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதற்குப் பசை விற்ற அதே குரல். எல்லாவற்றையும்விட என்னைத் தூக்கிவாரிப் போட்டது, "அந்தக் காலத்தில் இப்படி ஒருத்தர்கூட இல்லை" என்று எல்லாருமாகச் சேர்ந்து சாதிக்கிறார்களே, அதுதான்! இல்லையா? நம் ஓரம் யாராம்? அவன் வாயிலிருந்து நாம் கேட்டதே "ஓரம்" என்ற ஒரு சொல்தான். விரிப்பின் ஓரங்கள் மயிரிழை விலகினாலும் "ஓரம், ஓரம்" என்று பிரித்துப் போட்டு மறுபடி மடிப்பான். யாராவது தொட்டால் துள்ளுவான். சங்கு ஊதினால் துணிவண்டிக்குள் புகுந்துகொள்வான், அதற்காகவே சங்குக்கு முன்னால் நெட்டை போய் அவனுக்குத் துண்டை நீட்டுவான், அவன் காதில் சுற்றிக்கொள்வான். அவனுக்கு நாம் பட்டப்பெயர்தான் வைத்தோம், மருத்துவப் பெயர் வைக்கத் தெரியவில்லை. பெயர் தெரியாததால் ஆள் இல்லாமல் போய்விடுவானா?

நல்ல வீடியோவும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. டீச்சர் தேடி எடுத்துக் காட்டினார். ஒரு வெறும் அறை. இசை கிடையாது, அம்பு கிடையாது. ஒரு மருத்துவர் அம்மாவும், தனக்கே ஆட்டிசம் உள்ள ஒரு பெரிய பையனும் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிறார்கள். குணமாக்கும் மருந்து என்று எதுவும் இல்லை, உதவிதான் உண்டு, உடனடிப் பலன் என்று யார் சொன்னாலும் எழுந்து போய்விடுங்கள் என்கிறார்கள். கூடவே வலிப்பும் இருக்கிற பிள்ளையாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வலிப்பு மருந்தை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்கள். அதைப் பார்த்தவர்களை ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம், நின்றுகொண்டு போக ஆள் இருக்காது.

அதைக் கேட்ட மறுநாள்தான் சகலை, உன் ஃபோன். நீ பேசியது ஒவ்வொரு சொல்லாக எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"யோவ் சகலை, ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ற, சொந்த சகலை எனக்குச் சொல்லணும்னு தோணலையா? பரவாயில்ல, நானும் மெஷின் வாங்கிட்டேன். பேரன முன்னால உக்கார வச்சிருக்கோம்."

"யோவ், அது பொய்யி. வெட்டி ஒட்டினது!"

"ஆமாமா, உன் பேத்தி பேசிட்டா, இனிமே பொய்யின்னுதான் சொல்லுவ. தொழில் ரகசியம்!"

"அவ பேசலய்யா!"

"நான் என் காதால கேட்டேன்."

"உனக்குக் காது எங்கய்யா இருக்கு? அத உருளைக்குள்ள போட்டுட்டு வந்து எத்தன வருசம் ஆச்சு!"

அப்புறம் நீ சொன்னவைதான் எனக்கு இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கின்றன. இயந்திரம் சுற்ற ஆரம்பித்தால் பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறானாம், "நோய் கழண்டு வர்றப்ப அப்படித்தான் இருக்குமாம்" என்கிறாய். யார் சொன்னது? அடுத்த வீடியோ. பையனின் பயிற்சி வகுப்பை நிறுத்திவிட்டாயாம். வலிப்பு மருந்தையும் நிறுத்தச் சொல்லி மகளிடம் பிடிவாதம் பிடிக்கிறாயாம், மருந்து உள்ளே இருந்தால் இயந்திர வைத்தியம் ஏறாதாம். யார் சொன்னது? அதற்கும் அடுத்த வீடியோ. யோவ், உனக்கும் எனக்கும் காது மந்தமானது எதனால்? அந்தச் சத்தத்தால்தானே! என் பேத்திக்குச் சுற்றுவது பிடிக்கும், உன் பேரனுக்குச் சத்தம் ஆகாது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர் எழுதிக் கொடுத்தார்கள் என்பதால் இரண்டு பேரும் ஒரே ஆளா? நீயும் நானும் ஒரே வீட்டில் பெண் எடுத்தோம், ஒரே குணமாகவா இருக்கிறோம்? ஓரத்துக்கு நெட்டை துண்டு நீட்டினானே, அந்த அளவு புத்திகூட உனக்கு வரவில்லையே!

மகளே, நீ இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்து. மருந்தை நிறுத்தியிருந்தால் மருத்துவருக்கு இப்போதே ஃபோன் போட்டு, எப்படித் திரும்ப ஆரம்பிப்பது என்று கேள். நிறுத்தாமல் இருந்தால், வேளைக்குரியதைக் கொடுத்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி. உன் அப்பன் காத்திருக்கட்டும். பாதியில் நிறுத்தாதே என்று சொன்ன நானே சொல்கிறேன்.

கொடுத்தாயிற்றா? சரி.

சகலை, ஃபோனைத் துண்டிப்பதற்கு முன்னால் நீ குரலை இறக்கி ஒன்று கேட்டாய். "நாம போன பெறகு அவன் என்னய்யா ஆவான்? அவனுக்கு யாருய்யா இருக்கா? அதான் எதையாவது புடிச்சுக்கறேன்" என்றாய். அதற்கு நான் பதில் சொல்லாதது நீ துண்டித்ததால் இல்லை. எனக்குத் தெரியாது. எனக்கும் அதே பயம்தான். பேத்தி தூங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கும் அதே கேள்விதான். ஆனால் பதில் தெரியாத கேள்விக்கு அழுக்குத் தண்ணீரைக் குடிக்க முடியுமா?

என் பேச்சில் உனக்கு நம்பிக்கை இல்லை. சரி, நம்பாதே. ஒரு சாட்சி இருக்கிறது, அதைப் பார். அந்த வீடியோவையே மறுபடி போடு. சத்தத்தை அடைத்துவிட்டுப் பேத்தியின் கையை மட்டும் பார். பெருவிரல் எங்கே இருக்கிறது? உள்ளே மடங்கி இருக்கிறது! உலகமே அதைப் பார்த்து ஆசி என்கிறது, ஒருவர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். அந்தப் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று வாசிக்கத் தெரிந்தவன், எங்கள் வீட்டையும் டீச்சரையும் விட்டால், பூமியில் நீ ஒருவன்தான். எழுத்துத் தெரியாத நமக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அது. "ஆவியை மூடு. போதும். நிறுத்து." அவளே சொல்கிறாளய்யா, நிறுத்து என்று! அதற்கு மேல் உனக்கு என்ன சாட்சி வேண்டும்? அதைப் பார்த்தபின்னாவது இயந்திரத்தை அறையிலிருந்து எடு, வகுப்புக்கு அனுப்பு. இங்கே வராதே. வந்தால் வரிசையில்தான் நிற்க வேண்டும், உனக்கு முன்னால் போத்தல்காரர் நிற்கிறார்.

கொழுந்தியாளுக்கு என் விசாரிப்பு. மகளுக்கும் மருமகனுக்கும் குறையொன்றும் வராமல் இருக்கட்டும். பேரனுக்கு முத்தம் கொடுக்கச் சொல்ல மாட்டேன், அவனுக்குப் பிடிக்காது. அவன் பார்க்கிற தூரத்தில் நின்று பெரியதாத்தா கேட்டதாகச் சொன்னால் போதும். உனக்கு ஆசி கிடையாது, என்னைவிட நாலு மாதம்தான் சின்னவன். நல்ல புத்தி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் சகலை
(கீழே மாமாவின் பெருவிரல் ரேகை. மை அதிகமாகிவிட்டது, மன்னிக்கவும். மருமகள்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவளை மறித்து உட்கார வைத்திருக்கிறேன். மேலே எழுதியதில் பாதியை அடித்துவிட வேண்டியதாகிவிட்டது.

இப்போதுதான் மாடித் தம்பி ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். அவன் எண்ணுக்கு யாரோ ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறாள், தாத்தாவிடம்தான் பேசுவேன் என்கிறாளாம். இன்னொரு போத்தல் என்று நினைத்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லி வாங்கினேன். அவள் சொன்னாள்: "தாத்தா, எங்க வீட்டுல என் அம்மாவோட தம்பி இருக்கார், என் மாமா. வயசாயிடுச்சு. பேச மாட்டார். வீட்டுத் துணியெல்லாம் அவர்தான் மடிப்பார், நாங்க மடிச்சா பிரிச்சுப் போட்டுடுவார். புள்ளைங்க உங்க வீடியோவப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பாப்பா கையத் தூக்கினதும் மாமா எழுந்து வந்து, ரெண்டு கையையும் ஒண்ணா சேர்த்து புஸ்தகம் மாதிரி மூடிக் காட்டிட்டு, ஃபோன அணைச்சுட்டுப் போயிட்டார். மறுபடி போட்டா மறுபடி வந்து அணைக்கிறார். ஒவ்வொரு தடவையும். எதுக்கு தாத்தா அப்படிப் பண்றார், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கேட்டாயா சகலை? இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், அழுதார்கள், ஆசி வாங்கினார்கள், சட்டம் போட்டு மாட்டினார்கள். என் பேத்தி என்ன சொன்னாள் என்று கேட்டு, அவள் சொன்னபடி நிறுத்தியவன் அவன் ஒருவன்தான். நீயும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. "சாப்பிடறாராம்மா? யார் பாத்துக்கறாங்க?" என்று கேட்டேன். "நாங்கதான் பாத்துக்கறோம். சில நாளு சண்டைதான், தண்ணி மாத்தி வச்சாக்கூட கோவம் வந்துடும். ஆனா அவர் மடிச்ச துணி இல்லாம எங்க வீடு நடக்காது தாத்தா" என்றாள்.

பக்கத்தில் நின்ற மாடித் தம்பிக்கு அந்தக் கைப்பேச்சின் அர்த்தத்தை மருமகள்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பெருவிரலை மடக்கி அவன் முகத்துக்கு நேரே கையைத் தூக்கினாள். அவன் என் கையிலிருந்து ஃபோனை வாங்கினான். அப்புறம் எங்கள் கண்முன்னாலேயே வீடியோவை எடுத்துவிட்டான். ஆகவே அதைப் போட்டுப் பார் என்று மேலே சொன்னேனே, இனிமேல் உன்னால் பார்க்க முடியாது. என்னிடம் இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. அந்த வீடியோவை இத்தனை பக்கம் திட்டினேன், அது இல்லாவிட்டால் இந்த ஃபோனும் வந்திருக்காது. அந்தத் திட்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வராதே என்று எழுதியதையும் அடித்துவிடு. வா. பேரனைக் கூட்டிக்கொண்டு, மருந்தையும் எடுத்துக்கொண்டு, காதுக்கு ஒரு துண்டோடு வா. இங்கிருந்து எல்லாருமாக அந்தப் பெண் வீட்டுக்குப் போவோம். நாம் போனபிறகு அவன் என்ன ஆவான் என்று கேட்டாயே, அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியாது, ஆனால் காட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறான். ஐந்து பேரில் மிச்சம் நீயும் நானும் மட்டும் என்று முதலில் எழுதச் சொன்னது தப்பு, சகலை. இன்னும் ஒருவன் இருக்கிறான். நம் ஓரம்.